ஓலையில் வாசித்த தகப்பன் பெயர்

நான் செய்ததையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

வட்டவடையிலிருந்து மூணாறுக்குக் காய்கறி ஏற்றி ஜீப் ஓட்டிய முதல் ஆள் நான். "முதல் ஆட்களில் ஒருவர் என்று போடலாமா?" என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டார். போடக்கூடாது. முதல் ஆள் நான்தான். அந்த ஜீப்பும் கடையில் வாங்கியதல்ல. பட்டாளத்தில் கழித்துப்போட்ட மூன்று ஜீப்புகள் கோயமுத்தூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தன. ஒன்றின் இன்ஜின், இன்னொன்றின் கியர்பாக்ஸ், மூன்றாவதின் உடம்பு. ஏழு மாதம் தட்டிக்கொட்டி எழுப்பினேன்.

வழியில் ஓடைக்குக் குறுக்கே மரப்பாலம் போட்டேன். மூன்று மழைக்காலம் அடித்துக்கொண்டு போனது. நான்காவது தடவை போட்டது நின்றது. மூணாறு பஜாரில் உதிரிபாகக் கடை, கொல்லங்கோட்டில் மாவு மில், அதற்குப் பின்னால் மாடி போட்ட மெத்தை வீடு. படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி வருடம் மாட்டோடு போய்விட்டேன்.

இதெல்லாம் போன வாரங்களில் வந்தாயிற்று. ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. மூன்று தேசத்தில் சிதறிக் கிடந்த ஒரு கல்யாணத்தைத் தேடியெடுத்து ஒன்று சேர்த்தவனும் நான்தான்.

பிஸ்கட் டப்பா

எழுபதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்மஸ் முடிந்த வாரம். பள்ளிவாசலில், மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்கள் தெரியுமே, அந்த வளைவு. காலைப் பனியில் தேயிலை ஃபாக்டரியின் வாசனை கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பில் மூணாறு தாண்டிக் கீழே இறக்க வேண்டிய முட்டைக்கோசும் பூண்டும்.

ரோட்டின் நடுவில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். இடுப்பில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கட்டும் சாக்கு. கையில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா.

"தம்பி, வண்டிய நிப்பாட்டும்."

ரோசம்மாள். தோட்டத்தில் மலாயாக்காரி என்றால்தான் தெரியும். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள்.

"ஏனுங்க்கா, நடு ரோட்ல இப்படி நின்னா? பிரேக்குப் பிடிக்காம போயிருந்தா என்னாகறதுங்க?"

"உம்ம வண்டிக்கு என்னைக்குப் பிரேக்குப் பிடிச்சிருக்கு? அது வார சத்தத்துக்கே தோட்டம் பூரா ஒதுங்கிருதோம்."

சிரித்தபடி டப்பாவை பானெட் மேல் வைத்தாள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

"உங்க கொல்லங்கோட்டுல இருந்து மலாயாவுக்குப் போனவுக நெறைய பேர்னு சொல்லுதாக. எனக்கு அங்கன ஒரு கோயிலக் கண்டுபிடிக்கணும்."

"எந்தக் கோயிலுங்க?"

"எனக்குத் தாலி கட்டின கோயில்."

அவள் கதை இதுதான். மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஜப்பான்காரன் காலத்தில் தகப்பனைச் சயாம் பக்கம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. தாய் காய்ச்சலில் போனாள். ஜப்பான்காரன் சரணடைந்ததும் இந்தியப் பட்டாளம் வந்து இறங்கியது. அதில் ஒருவன் அருளப்பன், இதே பள்ளிவாசல்காரன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் கல்யாணம். ஆறு வாரம் குடித்தனம். அதற்குள் அவனுடைய பட்டாளத்தை வேறு எங்கேயோ கப்பலேற்றிவிட்டார்கள்.

"நீ ஊருக்குப் போ. எங்கண்ணன் மிக்கேல் இருக்கான். நான் பின்னாலயே வாரேன்" என்று சொல்லிப் போனவன் வரவில்லை.

ஏழு மாத வயிற்றோடு, அகதிகள் கப்பலில் மதராசுக்கு வந்து, அங்கிருந்து கேட்டுக் கேட்டு மலையேறினாள். அண்ணன் மிக்கேல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தம்பி கல்யாணம் முடிச்சிருந்தா எனக்கு ஒரு காயிதம் போட்டிருக்க மாட்டானா?" எடுத்துக் காட்ட அவளிடம் இருந்தது, கல்யாணத்தன்று அங்கிருந்த சாமியார் கொடுத்த ஒரு மாதா படம் மட்டும், இப்போது அந்த பிஸ்கட் டப்பாவில் இருப்பது. பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்ததும் கப்பலில் ஈரம் பட்டு அழிந்துவிட்டது.

தோட்டத்தில் வேலை கிடைத்தது, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பாதி அறை கிடைத்தது. பெண் குழந்தை பிறந்தது. பிலோமினா. ஞானஸ்நானப் புத்தகத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு முப்பது வருடமாக அப்படியே இருந்தது. அவள் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தது.

"இப்ப எதுக்குங்க்கா தேடறீங்க?"

"பிலோமினாவுக்கு மாப்பிள்ளை வந்திருக்கு தம்பி. ஃபாக்டரியில வேல. நல்ல பையன். பாஸ்கா கழிஞ்சு ஓலை வாசிக்கணும்."

பாஸ்கா என்பது ஈஸ்டர். கத்தோலிக்கரிடையே கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசையில் எல்லாரும் கேட்க, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று சாமியார் வாசிப்பார். அதற்குத்தான் ஓலை என்று பெயர்.

"மூணு ஞாயிறு தம்பி. மூணு தடவ தகப்பன் பேரு இல்லாம என் புள்ள பேர வாசிப்பாக. மாப்பிள்ளையோட அம்மா அதக் கேட்டுக்கிட்டு உக்கார மாட்டேன்னு சொல்லிட்டாக. என்ன முப்பது வருசம் என்னவும் சொல்லிட்டுப் போவட்டும். அவ என்ன பாவம் பண்ணினா?"

முட்டைக்கோசு வாடும் என்று கடைக்காரர் திட்டுவார். திட்டட்டும் என்று ஜீப்பை ஓரம் கட்டினேன்.

தண்டவாளத் துண்டு

"ஊர் பேரு என்னங்க?"

"தோட்டத்து நம்பருதான் தெரியும். அதுவும் ஜப்பான்காரன் வந்து மாத்திட்டான்."

"கோயில் பேரு?"

"மாதா கோயில்."

மலாயாவில் மாதா கோயில் எத்தனை இருக்கும்? ஆனால் நான் இரும்புக்கடையில் மூன்று வண்டியிலிருந்து ஒரு வண்டி எடுத்தவன். "பேரு வேண்டாமுங்க. கண்ணுல நிக்கறதச் சொல்லுங்க" என்றேன்.

மூன்று சொன்னாள். மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். கோயிலுக்குப் பின்னால் ஈயம் தோண்டி எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து, பச்சையாக ஒரு ஏரி. சாமியார் வெள்ளைக்காரர், ஒரு காலைச் சாய்த்து நடப்பார், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

கொல்லங்கோட்டில் என் தெருக்காரன் வேலாயுதன் மலாயாவில் கிராணியாக, அதாவது தோட்டத்து ஆபீஸ் கணக்கனாக இருந்தான். அவனுக்கு நானே கடுதாசி எழுதினேன். அதில் பதினெட்டுப் பிழை இருந்ததாம். எண்ணிப் பார்த்து பதில் கடுதாசியில் சொன்னான், அந்த நாய். ஆனால் வேலையைச் செய்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போனான்.

ஐந்தாவது வாரம் அவன் எழுதிய வரி இன்னும் மனப்பாடம்: "டேய் நாச்சிமுத்து, நாலு ஞாயித்துக்கெழமையா பூசை பாக்கறேன். நான் கிறிஸ்தவ வேதத்துல சேரப்போறன்னு எம்பட பொண்டாட்டி ஊட்ல ஒப்பாரி வெக்கறா. உன்னய மாதிரி ஒரு கூட்டாளி ஆருக்கும் வாய்க்கக்கூடாது."

இதற்கிடையில் பள்ளிவாசல் பங்குச் சாமியார் பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தார். இளவயதுக்காரர், மலையாளி, நல்ல மனிதர். பதில் நாலு வரியில் வந்தது: பள்ளிவாசல், சவரிமுத்து மகன் அருளப்பன் என்று எவரும் பட்டாளத்தில் இல்லை.

மிக்கேல் அதைக் கேட்டுவிட்டு லயத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஓடிருப்பான். ஓடிப்போனவன் பேர வெட்டிருப்பாக" என்றார். அதில் கோபம் இல்லை. முப்பது வருடமாக அவர் தனக்குத்தானே சொல்லிவந்ததை பட்டாளமே எழுதிக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

பாஸ்காவுக்கு முந்தைய தபசுகாலத்தின் நடுவில் வேலாயுதனின் தடித்த உறை வந்தது. கோயில் கிடைத்துவிட்டது! புதிதாக வெண்கல மணி வைத்துவிட்டார்கள். ஆனால் பழைய தண்டவாளத் துண்டு, சமையற்கட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் கிடந்ததாம். ஏரி அப்படியே இருந்ததாம். கல்யாணப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து முத்திரை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

ஜீப்பை நான் பள்ளிவாசலுக்கு விரட்டிய வேகத்தில் வழியில் இரண்டு முட்டைக்கோசு மூட்டை விழுந்தது தெரியவில்லை.

சங்கிலி யார்?

சாமியாரின் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் சாமியார். இந்தப் பக்கம் ரோசம்மாள், பிலோமினா, மிக்கேல், மாப்பிள்ளையின் அம்மா. கதவோரம் நான், என்மேல் பூண்டு வாசனை.

சாமியார் வாசித்தார். மாப்பிள்ளை அருளப்பன், பட்டாளத்துக்காரன், ஊர் பள்ளிவாசல். பெண் ரோசம்மாள், யாக்கோபு மகள். ரோசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சாமியார் சற்று நிறுத்தி அடுத்ததை வாசித்தார்.

"மாப்பிள்ளையுடைய தகப்பன் பேரு... சங்கிலி."

மிக்கேல் எழுந்துவிட்டார். "எங்கய்யா பேரு சவரிமுத்து. சங்கிலின்னு எங்க வம்சத்துலயே ஆளு கெடையாது. பரம்பரையா வேதக்காரங்க நாங்க. இது வேற எவனோ அருளப்பன், சாமி."

"ஒரே ஊர்ல ரெண்டு அருளப்பனா மாமா பட்டாளத்துக்குப் போனாக?" என்று ரோசம்மாள் கேட்டாள். அவள் குரலே அவளுக்குக் கேட்டிருக்காது.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். சாமியார் பாவம், இரண்டு கையையும் விரித்தார். "நான் எந்து செய்யும்? புஸ்தகத்தில் இல்லாத பேரை எங்ஙனே வாசிக்கும்?"

எனக்கு அப்போது ஒன்று பட்டது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். மிக்கேலைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தக் காலத்துல நீங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எந்தக் கங்காணியோட ஆளுங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"நாங்க சங்கிலிக் கங்காணி ஆளு..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

தோட்டத்தில் அப்போதெல்லாம் ஒருத்தனை யாரும் "நீ யார் மகன்?" என்று கேட்பதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்து, ஆள் எண்ணும்போது கேட்பது "யார் ஆளு?" என்றுதான். ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி. அரிசி போடுகிற இடத்திலும் அதே கேள்வி. தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்து வேலை வாங்குகிறவர் கங்காணி; அவர் கூட்டி வந்த ஆள், அவர் பெயரில் ஆள். பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில், பேர் என்ன, யாருடையவன் என்று கேட்டிருப்பார்கள். பழக்கத்தில் வாய் சொல்லியிருக்கும். அதுவே பட்டாளத்துப் புத்தகத்தில் ஏறி, அதைப் பார்த்து மலாயாச் சாமியாரும் எழுதியிருப்பார்.

இதை நான் சொன்னதும் மிக்கேல் உறுமினார்.

"சொந்தத் தகப்பன விட்டுட்டுக் கங்காணியத் தகப்பன்னு எவனாவது சொல்லுவானா? மானங்கெட்டவனாய்யா எந்தம்பி?"

சட்டைப்பையிலிருந்து என் டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

என் லைசென்ஸ்

இதை இதுவரை எந்த வாரமும் எழுதவில்லை. எழுத இஷ்டமில்லை.

எங்கள் அய்யன் பெயர் கருப்பண்ணன். கொல்லங்கோட்டில் ஒரு பெரிய வீட்டு வயலில் ஏர் ஓட்டினார். நான் லாரி கிளீனராகி, டிரைவராகி, லைசென்ஸுக்குப் போய் நின்றபோது மேசைக்குப் பின்னாலிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "யாரோட ஆளுடா?" என்றார். "பொன்னுச்சாமி முதலாளியோட ஆளுங்க" என்றேன். லாரி முதலாளி பெயர் அது. அவர் எழுதிக்கொண்டார். லைசென்ஸ் கைக்கு வந்து, எழுத்துக்கூட்டி வாசித்தபோதுதான் தெரிந்தது: நாச்சிமுத்து, பொன்னுச்சாமி மகன்.

திருத்தியிருக்கலாம். திரும்பப் போனால் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம். இருபது வயதுப் பயம்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அய்யனுக்கு எழுத்து தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"எம்பட பேரும் இதுல இருக்குமாமா?"

"இருக்குதுங்கய்யா."

"எங்கடா?"

முதலாளி பெயர்மேல் விரலை வைத்தேன். "இதுதானுங்க."

அந்த எழுத்தை அவர் கட்டைவிரலால் மெல்லத் தடவினார், சேறு காய்ந்த கட்டைவிரலால். அப்புறம் சாகிறவரைக்கும், வீட்டுக்கு யார் வந்தாலும், "டேய், அந்தப் பொஸ்தகத்த எடுத்து எம்பட பேரக் காட்டுடா" என்பார். நானும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தைக் காட்டுவேன்.

பாலம் போட்டவன், மில் வைத்தவன், மெத்தை வீடு கட்டியவன் என்று நெஞ்சை நிமிர்த்துகிற நான், அந்த அறையில் ஐந்து பேருக்கு முன்னால் இதைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூண்டு நெடி என்று சமாளித்தேன்.

"நான் மானங்கெட்டவன்னா உங்க தம்பியும் மானங்கெட்டவன்தானுங்க" என்றேன் மிக்கேலிடம்.

அவர் லைசென்ஸைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் வாசிக்கத் தெரியாது.

சாமியார் அன்றே தோட்டத்து ஆபீசுக்கு என் ஜீப்பில் வந்தார். பழைய பெரட்டுப் புத்தகம் பூச்சி தின்று கிடந்தது. ஆபீஸ்காரர் தூசி தட்டி விரித்தார். சங்கிலிக் கங்காணி ஆட்கள் என்ற தலைப்பின் கீழே மிக்கேல். அடுத்த வரி அருளப்பன். பெயருக்கு எதிரே, பட்டாளத்துக்குப் போனான் என்று குறிப்பு. தகப்பன் பெயர் என்று ஒரு பத்தியே அந்தப் புத்தகத்தில் இல்லை! சாமியாருக்கு அந்தச் சாட்சி போதுமானதாக இருந்தது.

மூன்று ஞாயிறு

பாஸ்காவுக்குப் பிறகு முதல் ஓலை. நான் வேதக்காரனில்லை, கோயில் கதவுக்கு வெளியே நின்றேன். சாமியார் வாசிக்கும் முன்பு ரோசம்மாளிடம் ஒன்று கேட்டிருந்தார்: காலஞ்சென்ற அருளப்பன் என்று வாசிப்பதா, வெறும் அருளப்பன் என்றா?

"செத்துட்டாருன்னு யாரும் எங்கிட்டச் சொல்லல சாமி. வெறும் பேர வாசிங்க."

"...சவரிமுத்து மகன் அருளப்பனுக்கும் ரோசம்மாளுக்கும் பிறந்த மகள் பிலோமினா."

பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் திரும்பியது. ரோசம்மாள் திரும்பவில்லை. பிலோமினா மட்டும் தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் ஞாயிறு மாப்பிள்ளையின் அம்மா ரோசம்மாளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் ஞாயிறு வாசித்து முடித்ததும் வெளியே வந்த ரோசம்மாள் என்னைப் பார்த்து, "மூணு தடவையும் சரியாக் கேட்டுச்சா தம்பி?" என்றாள்.

"மின்சார ஆபீஸ் வரைக்கும் கேட்டுச்சுங்க்கா."

கல்யாணத்தன்று பெண்ணைக் கைபிடித்துக் கொண்டுபோய் விட்டவர் பெரியப்பா மிக்கேல். பெண்ணும் மாப்பிள்ளையும் போனது என் ஜீப்பில். முதல் நாளே கழுவி, சந்தனம் கரைத்துத் தெளித்தும் பூண்டு வாசனை போகவில்லை.

ஜாவாவிலிருந்து ஒரு காகிதம்

மழைக்காலம் பிடித்த பிறகு பட்டாளத்திலிருந்து பதில் வந்தது. இந்த முறை, சங்கிலி மகன் அருளப்பன் என்று கேட்டு எழுதச் சொன்னவன் நான்.

அவன் ஓடவில்லை. உலகத்தில் சண்டை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஜாவா என்ற தீவுக்கு அவன் பட்டாளத்தை அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கலவரத்தில் குண்டு பட்டு இறந்திருக்கிறான். ரோசம்மாள் கப்பலேறும்போதே அவன் உயிரோடு இல்லை. சேதி, தகப்பன் சங்கிலிக்குப் போயிருக்கிறது. கங்காணி அதற்குள் வேலையை விட்டு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். உறை திரும்பிவிட்டது.

கூடவே ஒரு நகல். அருளப்பன் ஜாவாவிலிருந்து கொடுத்த அபேட்சை, அதாவது மனு. சாமியார் அதை வாசித்துச் சொன்னார். இரண்டே வேண்டுகோள். ஒன்று, மனைவி ரோசம்மாள் பெயரைச் சேர்க்கவும். இரண்டு, தன் தகப்பன் பெயர் தவறாக ஏறிவிட்டது. அதை சவரிமுத்து என்று திருத்தவும். கீழே தமிழில் கையெழுத்து. அந்த அபேட்சை மேலே போய்ச் சேர்வதற்குள் ஆள் போய்விட்டான்.

மிக்கேல் லயத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "ஓடிட்டான்னு சொன்னேனே. முப்பது வருசம் சொன்னேனே."

ரோசம்மாள் அழவில்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே மழை தகரத்தில் கொட்டியது. அப்புறம் தாலியைக் கையில் எடுத்து, "இனிமே இதக் கழட்டணும்ல மாமா?" என்று கேட்டாள்.

முப்பது வருடமாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனிதர் சொன்னார்: "இருக்கட்டும் ரோசம்மா. எந்தம்பி கட்டினது. நீ கழட்டணும்னு கேக்க எவனுக்கும் வாய் கெடையாது."

அவள் கழற்றவில்லை. கடைசியில் அதோடுதான் அடக்கம் செய்தோம்.

எனக்கு வேண்டியது

சில வருடங்களுக்கு முன்னால் அந்தப் பங்கில் ஒரு விழா மலர் போட்டார்கள். வழவழப்பான தாள், வண்ணப் படம். ரோசம்மாள் கதையும் அதில் இருந்தது. "பங்குத் தந்தையின் அயராத முயற்சியாலும், ஜீப் டிரைவர் ஒருவரின் ஒத்தாசையாலும்" பதிவேடு கிடைத்தது என்று முடித்திருந்தார்கள்.

சாமியார் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஜீப் டிரைவர் ஒருவரா? கடுதாசி போட்டது யார்? எந்தக் கங்காணி ஆள் என்று கேட்டது யார்? தன் லைசென்ஸை மேசைமேல் எடுத்து வைத்தது யார்?

மலர் போட்டவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது திருத்துங்கள். ஒத்தாசை செய்தவர் என்று வேண்டாம், கண்டுபிடித்தவர் என்று போடுங்கள். பெயரை முழுசாகப் போடுங்கள். முதலாளியோட ஆள் என்று எழுதியதை நான் திருத்தாமலே விட்டுவிட்டேன். ஜாவாவில் குண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் பையன் திருத்த எழுதிக் கொடுத்தான். எனக்கு அந்தத் தைரியம் வருவதற்குள் எங்கள் அய்யன் போய்விட்டார்.

ஆகையால் பெரிய எழுத்தில், யாராவது கட்டைவிரலால் தடவிப் பார்க்கிற மாதிரி, இப்படிப் போடுங்கள்:

நாச்சிமுத்து, கொல்லங்கோடு. தகப்பன் பெயர் கருப்பண்ணன்.